நேற்று எடுத்த வெள்ளையும் இன்று எடுத்த வெள்ளையும்

கேள்வி: தோல் பர்ஸ், ஸ்டீல் தண்ணீர் பாட்டில், கண்ணாடி ஜாடி ஆகியவற்றை இணைய விற்பனைத் தளங்களில் விற்று வருகிறேன். படங்களை நானே போனில் எடுக்கிறேன். பொருளை உள்ளே வைத்துப் படமெடுக்கும், எல்இடி பொருத்திய சின்ன லைட் பாக்ஸ் ஒன்றும் வாங்கினேன். ஆனாலும் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்றின் பின்னணி மஞ்சளாக இருக்கிறது, ஒன்று நீலமாக, இன்னொன்று சாம்பலாக. பின்னணியை நீக்கும் ஆப்பில் போட்டால் ஜாடியின் விளிம்பையே தின்றுவிடுகிறது. ஒரு தளத்தில் பாட்டிலின் முதல் படத்தை ஏற்கவில்லை. மூலையில் என் கடைப் பெயரைச் சிறிதாகப் போட்டிருந்தேன். எல்லாவற்றுக்கும் மேல், ‘படத்தில் பார்த்த நிறம் இது இல்லை’ என்று பர்ஸைத் திருப்பி அனுப்புகிறார்கள். நல்ல கேமரா வாங்கினால் இதெல்லாம் சரியாகுமா?

பதில்: கேமராவை இப்போது வாங்காதீர்கள். நீங்கள் அனுப்பிய விவரத்தைப் பார்த்தால், புதுக் கேமராவிலும் இதே மஞ்சளும் நீலமும் சாம்பலும்தான் வரும், கொஞ்சம் கூடுதல் துல்லியத்தோடு.

உங்கள் போன் ஒவ்வொரு படத்துக்கும் புதிதாக முடிவெடுக்கிறது. சிக்கல் அங்கேதான். தானியங்கி முறையில் வெளிச்ச அளவு பெரும்பாலும் படத்தின் சராசரியை நடுத்தரச் சாம்பலுக்குக் கொண்டுவரப் பார்க்கும். சட்டகம் முழுக்க வெள்ளைத் தாளும் நடுவில் ஒரு சின்னப் பொருளும் இருந்தால், ‘வெளிச்சம் அதிகம்’ என்று நினைத்துப் படத்தை இருட்டாக்கிவிடும். உங்கள் சாம்பல் பின்னணி அப்படி வந்ததுதான். பழுப்பு நிறப் பர்ஸை மிக அருகில் போய் எடுத்தால் சட்டகத்தில் பழுப்பே நிறைந்திருக்கும். விளக்குதான் மஞ்சளாக எரிகிறது என்று போன் எண்ணிக்கொண்டு, அதைச் சரிசெய்ய நீலத்தைச் சேர்க்கும். தாள் நீலமாகும், பர்ஸின் நிறமும் செத்துப்போகும். அந்தப் பர்ஸ்தான் உங்களுக்குத் திரும்பி வருகிறது. ஆக நீங்கள் எழுதியிருக்கும் குறைகளில் பாதிக்கு மேல் இந்த ஒன்றில் அடங்கிவிடும். போனிடமிருந்து முடிவெடுக்கும் உரிமையைப் பிடுங்கிவிட வேண்டும். பொருள் மட்டும் மாறலாம், மற்ற எதுவும் மாறக்கூடாது.

முதலில் வெளிச்சம். லைட் பாக்ஸின் எல்இடி எரியும்போது அறையின் விளக்கும் எரிகிறதா? சன்னல் திறந்திருக்கிறதா? பழைய குண்டு பல்பு மாதிரியான மஞ்சள் விளக்கு சுமார் 2700 முதல் 3000 கெல்வின் வரை இருக்கும் (கெல்வின் வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு, எண் கூடக் கூட வெளிச்சம் நீலமாகும்). நண்பகல் வெயில் 5500 பக்கம். நிழலில் வரும் வானத்து வெளிச்சம் 7000-ஐத் தாண்டும். இரண்டு வகை வெளிச்சம் ஒரே பொருளின் மேல் விழுந்தால் எந்தக் கேமராவாலும் ஒன்றைத்தான் சரிசெய்ய முடியும். மற்றது பொருளின் ஒரு பக்கத்தில் கறையாக நிற்கும். அதை எடிட்டிங்கில் எடுப்பது பெரிய தலைவலி. அதனால் திரையை இழுத்து மூடுங்கள், அறை விளக்கை அணையுங்கள், ஒரே வகை விளக்கை மட்டும் எரியவிடுங்கள். பளிச்சென்ற நிறத்தில் சட்டை போட்டுக்கொண்டு பொருளுக்குப் பக்கத்தில் நிற்காதீர்கள். சிரிக்கவேண்டாம், சிவப்புச் சட்டையின் நிறம் ஸ்டீல் பாட்டிலில் அப்படியே தெரியும்.

விளக்கு வாங்கும்போது வாட்டை மட்டும் பார்க்காமல் சிஆர்ஐ எனப்படும் நிறத்துல்லிய அளவையும் பாருங்கள். 95-க்கு மேல் இருப்பது நல்லது. ஆர்9 என்ற எண்ணையும் போட்டிருந்தால் அதுவும் 90-ஐ ஒட்டி இருக்கட்டும். ஆர்9 அடர்சிவப்பைக் குறிப்பது. பொதுவான சிஆர்ஐ கணக்கில் அது சேராது. மலிவான எல்இடிகள் தடுமாறும் இடம் அதுதான். பழுப்பு, மெரூன், டேன் நிறத் தோலெல்லாம் அந்த விளக்கில் மங்கிப்போகும். பிறகு எவ்வளவு திருத்தினாலும், விளக்கில் இல்லாத நிறத்தைப் படத்தில் கொண்டுவர முடியாது.

லைட் பாக்ஸைப் பற்றி என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன்: சின்ன லைட் பாக்ஸ் எனக்குப் பிடிக்காது. எல்லாப் பக்கமும் ஒரே அளவு வெளிச்சம் வருவதால் பொருள் தட்டையாகிவிடும். தோலின் ரேகையும் தையலின் மேடும் மறைந்துபோகும். மேலே ஒட்டியிருக்கும் எல்இடி வரிசை பளபளப்பான எதிலும் புள்ளி புள்ளியாகத் தெரியும். அதற்குப் பதிலாக சுவரை ஒட்டி ஒரு மேசை போடுங்கள். பளபளப்பில்லாத வெள்ளைத் தாளைச் சுவரிலிருந்து மேசைக்கு மடிப்பில்லாமல் வளைத்து இறக்குங்கள். ஒரு பக்கம் விளக்கு, அதன் முன்னால் ஒளி ஊடுருவும் பெரிய வெள்ளைத் துணி. எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை அட்டை. நிழல் எவ்வளவு மென்மையாக விழும் என்பதை வாட் தீர்மானிப்பதில்லை. பொருளின் அளவோடு ஒப்பிட்டால் ஒளி வரும் பரப்பு எவ்வளவு பெரியது, எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது என்பதுதான் கணக்கு. துணியைப் பொருளுக்கு அருகே கொண்டுவாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும். பர்ஸுக்கு மட்டும் விளக்கைக் கொஞ்சம் தாழ்த்தி, பக்கவாட்டில் சாய்வாக அடித்துப் பாருங்கள். தோலின் ரேகை எழுந்து நிற்கும்.

அடுத்து, போனைப் பூட்டுவது. வழக்கமான கேமரா ஆப்பில் திரையை அழுத்திப் பிடித்தால் போகஸும் வெளிச்ச அளவும் பூட்டிக்கொள்ளும். இது பாதிக் கிணறுதான், நிறச்சமநிலை (வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் அமைப்பு) தனியாகக் கையில் வராது. உங்கள் போனில் ‘ப்ரோ’ முறை இருந்தால் அதற்குப் போங்கள், இல்லாவிட்டால் எல்லாவற்றையும் கையால் வைக்கவிடும் கேமரா ஆப் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். ஐஎஸ்ஓவை (வெளிச்சத்துக்கான கேமராவின் உணர்திறனை) அந்தப் போன் தரும் மிகக் குறைந்த அளவில் வையுங்கள், 50 அல்லது 100. ஷட்டரைப் பொறுத்தவரை (வெளிச்சம் உள்ளே வரும் நேரம், விநாடியில்), மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள இடத்தில் 1/50 அல்லது 1/100; 60 ஹெர்ட்ஸ் உள்ள இடத்தில் 1/60 அல்லது 1/120. இதில் தவறினால் சில எல்இடிகளின் கண்ணுக்குத் தெரியாத துடிப்பு படத்தில் குறுக்குப் பட்டைகளாக விழும். போன் கேமராவில் ஒளி நுழையும் துவாரத்தின் அளவு பெரும்பாலும் மாறாதது என்பதால் வெளிச்சம் கூடினால் குறைக்க வழி விளக்கைத் தள்ளி வைப்பதுதான். தூரத்தை இரட்டிப்பாக்கினால் வெளிச்சம் ஏறத்தாழ கால்வாசியாகும்.

நிறச்சமநிலைக்கு ஒரு சாம்பல் அட்டை வாங்குங்கள். புகைப்படக்காரர்கள் பயன்படுத்தும் 18 சதவீதச் சாம்பல் அட்டை பெரிய செலவில்லை. சாதாரண வெள்ளைத் தாளை வைத்துச் சரிபார்க்கலாமே என்று தோன்றும், வேண்டாம். பல தாள்களில் வெண்மையைக் கூட்டும் ரசாயனம் கலந்திருக்கும். புறஊதாக் கதிர் பட்டால் அது நீலமாக ஒளிரும். சன்னல் வெளிச்சத்தில் இது நன்றாகவே தெரியும். அந்தத் தாளை ‘சரியான வெள்ளை’ என்று போனுக்குச் சொல்லிக்கொடுத்தால் மற்றதெல்லாம் மஞ்சளாகிவிடும். ஒவ்வொரு முறை படமெடுக்க உட்காரும்போதும் முதல் படம் சாம்பல் அட்டையோடு இருக்கட்டும். கெல்வின் எண்ணை அதை வைத்தே அமைத்துவிட்டு, அந்த வேலை முடியும்வரை தொடாதீர்கள். இருளையும் வெளிச்சத்தையும் தானாகச் சமன்செய்யும் எச்டிஆர், அழகூட்டும் பில்டர், காட்சியை அடையாளம் கண்டு நிறத்தை ஏற்றும் ஏஐ வசதி, போர்ட்ரெயிட் முறை எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். போர்ட்ரெயிட் முறை பாட்டிலின் கைப்பிடியைப் பின்னணி என்று நினைத்து மங்கலாக்கும்.

லென்ஸ் விஷயத்தில் பலரும் ஏமாறுகிறார்கள். போனின் 1x லென்ஸ் உண்மையில் அகலக்கோண லென்ஸ். அதை வைத்துக்கொண்டு பாட்டிலுக்கு அருகில் போனால் அருகிலிருக்கும் பகுதி வீங்கி, தூரத்துப் பகுதி சுருங்கும். இரண்டடி தள்ளி நின்று 2x அல்லது 3x லென்ஸில் எடுத்தால் வடிவம் நேராகும். ஆனால் மிகக் கிட்டத்தில் போனாலோ வெளிச்சம் போதாவிட்டாலோ, 3x என்று திரையில் காட்டிக்கொண்டே பல போன்கள் உள்ளுக்குள் 1x லென்ஸுக்குத் தாவி, படத்தை வெட்டிப் பெரிதாக்கித் தரும். லென்ஸை விரலால் மூடிப் பாருங்கள், எந்த லென்ஸ் வேலை செய்கிறது என்று தெரிந்துவிடும். அப்புறம், கையில் பிடித்து எடுக்காதீர்கள். ஸ்டாண்ட் போடுங்கள், 2 விநாடி டைமர் வையுங்கள்.

இவ்வளவும் ஒருமுறை சரியாக அமைந்ததும் ஒரு நோட்டில் எழுதிவைப்பது முக்கியம்: கெல்வின், ஐஎஸ்ஓ, ஷட்டர், எந்த லென்ஸ், ஸ்டாண்டின் உயரம், விளக்குக்கும் பொருளுக்கும் எத்தனை சென்டிமீட்டர். ஸ்டாண்டின் கால்கள் நிற்கும் இடத்தில் தரையில் டேப் ஒட்டுங்கள், பொருள் நிற்கும் இடத்தில் தாளின் ஓரத்தில் சின்ன அடையாளம் வையுங்கள். ஆறு மாதம் கழித்துப் புது நிறத்தில் ஒரு பர்ஸ் வந்தால், பழைய படங்களுக்குப் பக்கத்தில் அது தனித்துத் தெரியாமல் இருக்க இந்த ஒரு பக்கக் குறிப்புதான் உதவும்.

சரி, ஏற்கப்படாத படத்துக்கு வருவோம். பெரும்பாலும் காரணம் அந்தக் கடைப் பெயர்தான். அமேசானையே எடுத்துக்கொண்டால், முதல் படத்தில் எழுத்து, லோகோ, வாட்டர்மார்க் எதுவும் கூடாது என்பது விதி. பெட்டியில் பொருளோடு வராத எதையும் அழகுக்காகப் பக்கத்தில் வைக்கக்கூடாது. பொருள் சட்டகத்தில் 85 சதவீதத்தை நிறைக்க வேண்டும். பின்னணி சுத்த வெள்ளை, அதாவது ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம்) மூன்றிலும் உச்ச அளவான 255. வாங்குபவர் பெரிதாக்கிப் பார்க்கவேண்டுமானால் நீண்ட பக்கம் குறைந்தது 1000 பிக்சல் வேண்டும். ஈபேயில் நீண்ட பக்கம் 500 பிக்சலுக்குக் குறையக்கூடாது, 1600 இருந்தால் நல்லது என்கிறார்கள். நான் எல்லாத் தளத்துக்கும் பொதுவாக 2000 பிக்சல் சதுரமாக எடுத்து வைத்துக்கொள்வேன், தேவைக்குக் குறைத்துக்கொள்ளலாம். பொருள் வகைக்கேற்பவும் விதிகள் மாறும், அதனால் ஏற்றுவதற்கு முன் அந்தந்தத் தளத்தின் உதவிப் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அந்த 255-ஐப் பிடிக்கப்போய் பலர் பொருளையே வெளிறவைத்துவிடுகிறார்கள். பின்னணி வெள்ளையாகும்வரை வெளிச்சத்தை ஏற்றினால் பர்ஸும் சேர்ந்துதான் வெளுக்கும். இன்னொரு விளக்கு இருந்தால் பின்னணிக்குத் தனியாக அடியுங்கள். பொருள் அதிலிருந்து அரை மீட்டராவது தள்ளி இருக்கட்டும். பின்னணி பொருளைவிட அரை ஸ்டாப் முதல் ஒரு ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு வெளிச்சம்) பளிச்சென்று இருந்தால் போதும். அதற்கு மேல் போனால் அந்த வெளிச்சம் திரும்பி வந்து பொருளின் ஓரத்தைக் கரைத்துவிடும். ஒரே விளக்குதான் என்றால் பின்னணி 240 பக்கம் வரும்படி எடுத்துவிட்டு, எடிட்டிங்கில் லெவல்ஸ் என்ற வெளிச்ச அளவுக் கருவியின் வெள்ளை முனையை மட்டும் நகர்த்தி 255-க்கு ஏற்றுங்கள். கண்ணை நம்பாதீர்கள், 248-உம் 255-உம் தனியாகப் பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும், தளத்தின் வெள்ளைப் பக்கத்தில் வைத்தவுடன் 248 ஒரு கட்டமாகத் தெரியும். போட்டோஷாப்பில் லெவல்ஸின் வெள்ளை முனையை நகர்த்தும்போது ஆல்ட் விசையை அழுத்திப் பிடித்தால் எங்கே முழு வெள்ளை, எங்கே இன்னும் இல்லை என்று காட்டிவிடும்.

இனி ஸ்டீல் பாட்டில். பளபளப்பான உலோகத்தை எடுக்கும்போது நாம் எடுப்பது உலோகத்தை இல்லை, அதில் தெரியும் அறையைத்தான். ஒளி எந்தக் கோணத்தில் வந்து விழுகிறதோ அதே கோணத்தில் திரும்பும். ஆகவே லென்ஸ் இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் பாட்டிலின் மேற்பரப்பில் என்னென்ன தெரிகிறதோ, அங்கெல்லாம் நீங்கள் வேண்டுமென்று வைத்த பொருளே தெரியவேண்டும். இரண்டு பக்கமும் பாட்டிலைவிட உயரமான வெள்ளை அட்டைகளை நிறுத்துங்கள். உருளையின் இரு பக்கமும் நீளமான வெள்ளைப் பட்டை வரும். முழுக்க வெள்ளையாகிப் பின்னணியோடு கலந்துவிட்டால், பின்பக்க ஓரங்களில் ஒல்லியான கறுப்பு அட்டை வையுங்கள், விளிம்புக்குக் கோடு போட்டது போல் வரும். நடுவில் உங்கள் போன் தெரிகிறது என்றால் இன்னும் தள்ளிப் போய் 3x-இல் எடுங்கள். வெள்ளை அட்டையில் ஒரு துளை போட்டு அதன் வழியாக எடுப்பதும் பழைய வித்தை. பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் பில்டர் வாங்கச் சொல்வார்கள். பெயின்ட் பூசிய பாட்டிலுக்கு அது ஓரளவு உதவும், வெறும் உலோகத்தின் பிரதிபலிப்பை அதனால் அடக்க முடியாது.

கண்ணாடி ஜாடிக்கு இதற்கு நேர்மாறான முறை, இது எனக்குப் பிடித்தது. முன்னாலிருந்து விளக்கு அடிக்கவே வேண்டாம். ஜாடிக்குப் பின்னால் பெரிய வெள்ளைத் துணியைக் கட்டி, அதன் பின்னாலிருந்து விளக்கைப் போடுங்கள். இப்போது பின்னணி தானாகவே வெள்ளை. பிறகு சட்டகத்துக்குச் சற்று வெளியே இரண்டு பக்கமும் கறுப்பு அட்டை வையுங்கள். கண்ணாடியின் வளைந்த ஓரம் அந்தக் கறுப்பை வளைத்து லென்ஸுக்குக் கொண்டுவரும். ஜாடியைச் சுற்றித் தெளிவான கருங்கோடு விழும். அட்டையை ஒரு விரல் அளவு உள்ளே நகர்த்தினால் கோடு தடிக்கும், வெளியே தள்ளினால் மெலியும். இப்படி எடுத்தால் பின்னணி நீக்கும் ஆப்பே தேவையில்லை. அந்த ஆப் ஜாடியில் தடுமாறுவது இயல்புதான். பொருள் எங்கே முடிகிறது என்று அது தேடுகிறது, கண்ணாடிக்குள்ளும் பின்னணிதானே தெரிகிறது.

பர்ஸுக்கு அந்த ஆப்பைப் பயன்படுத்துங்கள், பாதகமில்லை. பின்னணியை நீக்கிய பிறகு அடர்நிறப் பின்னணி ஒன்றின் மேல் வைத்து விளிம்பைச் சரிபாருங்கள். வெள்ளையின் மேல் தெரியாத கிழிசலும் மிச்சமும் அங்கே தெரியும். பொருளுக்கு அடியிலிருக்கும் மெல்லிய நிழலையும் ஆப் துடைத்துவிடும், பர்ஸ் அந்தரத்தில் மிதக்கும். தளம் அனுமதித்தால் அந்த நிழலை விட்டுவைப்பது நல்லது. ஏஐ கொண்டு பின்னணியை உருவாக்கும் வசதிகளை முதல் படத்துக்குத் தொடாதீர்கள். மற்றப் படங்களில் பயன்படுத்தினாலும் தையலின் எண்ணிக்கை, ஜிப்பின் வடிவம், பொறித்த எழுத்து மாறியிருக்கிறதா என்று உண்மையான பொருளோடு வைத்துப் பாருங்கள். சத்தமில்லாமல் மாற்றிவிடும் பழக்கம் அதற்கு உண்டு.

நிறப் புகாருக்குச் சாம்பல் அட்டையும் நல்ல விளக்கும் பெரும்பகுதி மருந்து. மீதி உங்கள் திரையில் இருக்கிறது. நிறத்தைத் திருத்தும்போது பர்ஸைக் கையில் வைத்துக்கொண்டு திருத்துங்கள், நினைவிலிருந்து செய்யாதீர்கள். இரவு நேரத்தில் திரையை மஞ்சளாக்கும் வசதியும், அறை வெளிச்சத்துக்கேற்பத் திரை நிறத்தை மாற்றும் வசதியும் அணைந்திருக்க வேண்டும். ஐபோன் போன்றவை பி3 என்ற அகலமான நிறவெளியில் (படத்தில் காட்டக்கூடிய நிறங்களின் எல்லை) படத்தைச் சேமிக்கும். ஏற்றும்போது அந்த விவரம் உதிர்ந்துபோனால் நிறம் மங்கித் தெரியும். ஆகவே கடைசியாகச் சேமிக்கும்போது இணையத்தில் பொதுவான எஸ்ஆர்ஜிபி நிறவெளியில், ஜேபெக்காக, தரம் 85-ஐ ஒட்டி வையுங்கள். சாச்சுரேஷனை (நிறத்தின் அடர்த்தியை) ஏற்றும் ஆசை வரும். ஏற்றிய அளவுக்குப் பார்சல் திரும்பி வரும். தோல் இயற்கைப் பொருள், ஒரே சாயத்திலும் துண்டுக்குத் துண்டு மாறும். அதை விவரத்தில் எழுதிவிடுங்கள். இரண்டாவது படமாகத் தோலின் நெருக்கமான காட்சி ஒன்றையும் சேருங்கள்.

எடுக்கும் வரிசையையும் மாற்றிப் பாருங்கள். ஒரு பர்ஸின் முன், பின், உள் என்று முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனால் ஒவ்வொரு முறையும் அமைப்பு கலைந்துவிடும். எல்லாப் பர்ஸின் முன்பக்கத்தையும் முதலில் எடுத்து முடியுங்கள், பிறகு எல்லாவற்றின் பின்பக்கம். அமைப்பு அசையாததால் ஒரு படத்தில் செய்த திருத்தத்தை மற்ற எல்லாவற்றிலும் அப்படியே ஒட்டிவிடலாம், நேரம் மிச்சமாவது இங்கேதான். வெட்டும்போது சதுரத்தில் பொருளின் உயரத்தையும் அடிக்கோட்டையும் குறித்த ஒரு வார்ப்புப் படத்தை மேலடுக்காக வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் அதில் பொருத்துங்கள். படம் எடுப்பதற்கு முன்பே தூசியை ஊதித் துடைத்துவிடுங்கள். பாட்டிலைக் கையுறையோடு தொடுங்கள். எடிட்டிங்கில் விரல் ரேகை அழிப்பதைப் போலச் சலிப்பான வேலை வேறு இல்லை. கோப்புக்குப் பொருளின் குறியீட்டெண்ணையும் கோணத்தையும் சேர்த்துப் பெயர் வையுங்கள்.

கேமரா எப்போது வாங்கலாம்? தையல், கொக்கி போன்ற நுணுக்கங்களை மிக அருகில் காட்டவேண்டி வந்து போன் திணறும்போதும், ஒரே நாளில் ஏராளமான பொருட்களை எடுத்துத் தள்ள வேண்டியிருக்கும்போதும் வாங்கலாம். அப்போதும் லென்ஸுக்குத்தான் முதலிடம் கொடுங்கள், எஃப் 8 அல்லது 11-இல் (துவாரம் சிறிதாகி, பொருள் முழுவதும் தெளிவாக வரும் அளவு) எடுக்கப் பழகுங்கள். இப்போதைக்கு நல்ல விளக்கு, உறுதியான ஸ்டாண்ட், சாம்பல் அட்டை, நாலு அட்டைத் துண்டுகள் போதும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மறுபடி எடுக்கவும் வேண்டாம். திரும்பி வந்த பர்ஸ்களில் தொடங்குங்கள், அதற்கடுத்து ஏற்கப்படாத பாட்டில். ஜாடிகளைக் கடைசியில் எடுக்கலாம். கறுப்பு அட்டையை நகர்த்தி நகர்த்திப் பார்க்க ஒரு முழு மதியம் வேண்டியிருக்கும்.